ஐந்தாவது குச்சி

தெற்குவாடியில்
பிரகாசத்தின் நாட்டுப்படகு எரிந்ததற்கு
எங்கள் ஐந்து பேரை உட்காரவைத்தார்கள்.
போலீசுக்குப் போனால்
படகும் வராது பணமும் வராது என்று ஊர் முடிவு.
பெண்கள் சங்கத்தின் பேரில் நான்.
ஏலக்கூடத்துச் சிமெண்டுத் தரை,
கழுவியும் போகாத சூடை வாடை.

இன்னாசி நின்ற நிற்பே சரியில்லை என்றார் லூக்காஸ்.
அதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.
கையைப் பின்னால் கட்டியிருந்தான்.
கட்டாமல் விட்டிருந்தால்
திமிரைப் பார் என்றிருப்போம்.

எனக்கும் அவனைப் பிடிக்காது.
போன கச்சானில்
என் மகளுக்கு வரவேண்டிய நண்டுக் காசில்
நாற்பது ரூபாய் குறைத்தவன்.
நாற்பது ரூபாய்க்கும் எரிந்த படகுக்கும் என்ன சம்பந்தம்?
இல்லை.
இல்லை என்று எனக்கு நானே சொன்ன
ஒவ்வொரு தடவையும்
அவன் முகம் இன்னும் கொஞ்சம் கறுத்தது.

பாக்கியநாதன் சாட்சி சொன்னார்:
ராத்திரி பத்து மணி, நல்ல நிலா,
மண்ணெண்ணெய்க் கேனோடு இவன் போனதை
இந்தக் கண்ணால் பார்த்தேன்.
குரல் நடுங்கவில்லை.
தொம்மை தலையாட்டினார்.
தலையாட்டல் கொட்டாவி மாதிரி, தொற்றும்.
நானும் ஆட்டிவிட்டேன்.

பிறகுதான் உறைத்தது.
பாசிக்குப் போகிறவள் நான்,
காலண்டரை விட நிலாவைத்தான் எண்ணுகிறவள்.
அன்றைக்குத் தேய்பிறை அட்டமி.
நடுச்சாமம் ஆகாமல் நிலா கிளம்பாது.
பத்து மணிக்கு அந்தக் கரையில்
தன் கை தனக்கே தெரியாது.

சொல்லியிருக்கலாம்.
தொண்டை வரைக்கும் வந்தது.
"பசிக்குதப்பா, சட்டுபுட்டுன்னு முடிங்க" என்றார் செபஸ்தி.
பிரகாசத்தின் பெண்டாட்டி மூக்கைச் சிந்தினாள்.
ஒருவேளை பஞ்சமியோ,
ஒருவேளை பாக்கியநாதனுக்குப் பூனைக் கண்ணோ,
ஐஸ் கம்பெனிக் கணக்கெழுதுகிற லூக்காஸுக்குத்
தெரியாததா எனக்குத் தெரிந்துவிட்டது என்று
சாட்சிக்கு நானே வக்கீல் ஆனேன்,
ஃபீஸ் இல்லாமல்.

ஆளுக்கொரு தீக்குச்சி.
குற்றம் என்றால் மருந்துத் தலையைக் கிள்ளிவிட வேண்டும்.
இல்லையென்றால் அப்படியே.
துண்டுக்குள், முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு
பால்பவுடர் டப்பாவில் போட வேண்டும்.
ரகசியம்தான்.
ஆனால் அன்றைக்கு ஏலக்கூடத்தில்
காற்றுக்கூட இல்லை.

டிக். லூக்காஸ்.
டிக். தொம்மை.
செபஸ்தியின் துண்டுக்குள் டிக்.
பாலத்தில் கேங்மேனாய் இருந்து ஓய்ந்த பரலோகம்
ரொம்ப நேரம் எடுத்தார்.
டிக்.

நாலு.
இனி என் குச்சி எதைத் தடுக்கும்?
தடுக்காத குச்சிக்குத் தலை எதற்கு?
பாசி பிடுங்கிப் பிடுங்கி,
துணி சுற்றியும் தேய்ந்த விரல்.
வலிக்கக்கூட இல்லை.

டப்பாவைக் கவிழ்த்தார்கள்.
தலை இல்லாதவை மூன்று.
தலையோடு இரண்டு.
அந்த இரண்டிலும்
வால் பக்கம் ஒடிந்திருந்தது.

அடுத்தவர் காதுக்காக
வாலைக் கிள்ளிய இரண்டு பேர்
எங்களுக்குள் இருந்தார்கள்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
எல்லோரும் அந்தக் குச்சிகளையே பார்த்தோம்.

மூணுக்கு ரெண்டு என்றார் ஒருவர்.
இரண்டு லட்சம் அபராதம்,
ஒரு வருசத்துக்குக் கடல் கிடையாது.
இன்னாசி அப்போதுதான்
பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்தான்.
எங்கே வைப்பதென்று தெரியாமல்
கைலியில் துடைத்தான்.

அடுத்த தேய்பிறை அட்டமியில்
மகளிடம் எதுவும் சொல்லாமல்
பத்து மணிக்குக் கரைக்குப் போனேன்.
படகு கிடந்த இடத்தில் காலில் கரி நொறுங்கியது.
கையை முகத்துக்கு நேரே நீட்டிப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை, இருட்டு.

பத்தடி தள்ளி
யாரோ இருமினார்கள்.
ஆணா பெண்ணா தெரியவில்லை.
எவ்வளவு நேரமாய் நிற்கிறார்களோ.
யாரு என்று நான் கேட்கவில்லை.
அந்தப் பக்கமிருந்தும்
கேள்வி வரவில்லை.